மூதாட்டி ஒருத்தியின் பயணத்தைச் சிறுகதையாக எழுதுதல்: வன்னியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே, வன்னியில், நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் வழிவழியாகச் சொல்லப்படும் கதையில், மதுரையை எரித்துவிட்டுக் கடல் கடந்து வந்த கண்ணகி ஒரு கிழவியின் உருவில், அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் வந்து சேர்கிறாள். தான் யாரென்று அவள் சொல்வதில்லை. கணவனை இழந்த கதையை எடுப்பதும் இல்லை. பசிக்கிறது என்கிறாள், சிறுவர்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுதுபட்டதும் விளக்கேற்றச் சொல்கிறாள். எண்ணெய் இல்லையென்று அவர்கள் கைவிரிக்க, கடல்நீரை ஊற்றி ஏற்றும்படி சொல்கிறாள், விளக்கு எரிகிறது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பார்த்துவிடுங்கள் என்கிறாள். முடியை விலக்கிப் பார்த்த சிறுவர்களுக்குத் தலை முழுவதும் கண்களாகத் தெரிகின்றன. இன்றும் வைகாசிப் பொங்கலை முன்னிட்டு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரிலேயே விளக்கெரிக்கிறார்கள்.

மூதாட்டி ஒருத்தியின் பயணத்தை எழுத விரும்புகிறவர்கள் இந்தக் கதையைப் பலமுறை சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். எரிந்த நகரமும் இறந்த கணவனும் அவளுக்குப் பின்னால் இருக்கையில், அவள் கேட்பவையெல்லாம் ஒரு வாய்ப் பொங்கலும் ஒரு சுடர் வெளிச்சமும் தலையைக் கோதிவிட ஒரு கையுமே. வன்னியைப் பற்றி இன்று எழுதப்படும் கதைகளில் நான் அடிக்கடி காணும் குறை இதற்கு நேர்மாறானது: கிழவி வருகிறாள், அழுகிறாள், நினைக்கிறாள், மீண்டும் அழுகிறாள், ஆனால் அன்றைய தினத்தில் அவளுக்கென்று செய்து முடிக்க ஒரு வேலை இருப்பதில்லை. அன்பும் விடாமுயற்சியும் மனிதர் செய்யும் வேலையில்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும், அவளுடைய துயரத்தை எழுதும் முறையைவிட அவளுடைய வேலையை எழுதும் முறையையே சொல்லப்போகிறேன்.

முதற்படி: அவளை ஒரு வேலையாக அனுப்புங்கள்

பயணம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் நீண்ட தூரத்துக்கும் பெரிய காரணத்துக்கும் தாவுகிறது. அந்தத் தாவலைத் தடுத்து நிறுத்துங்கள். ஒரே நாளில் முடியக்கூடிய, ஒரே வாக்கியத்தில் அவளாலேயே சொல்லக்கூடிய வேலை ஒன்றைத் தேடுங்கள். அந்த வேலையில் கெட்டுப்போகக்கூடிய, உடையக்கூடிய, அல்லது நேரம் தவறினால் பயனற்றுப்போகக்கூடிய ஒரு பொருள் இருந்தால், கதைக்குத் தேவையான அவசரத்தை நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை.

வழிகாட்டி முழுவதும் துணைக்கு வருமாறு ஓர் எடுத்துக்காட்டுக் கதையை அமைத்துக்கொள்வோம். முத்தையன்கட்டு இடதுகரையில் வசிக்கும் பாக்கியத்துக்கு எழுபத்தைந்து வயது. காட்டோரத்துப் பாலைமரத்தடியில் விடியற்காலையில் பொறுக்கிய பழங்களைப் பனையோலைப் பெட்டியொன்றில் எடுத்துக்கொண்டு, கிளிநொச்சிக்கு அப்பால் உருத்திரபுரத்தில் இருக்கும் பேரனிடம் போகிறாள். பாலைப்பழம் வன்னிக் காட்டின் செல்வம். சிறியது, மஞ்சளானது, தேனாக இனிப்பது, தின்றவர் உதட்டில் பாலாய் ஒட்டிக்கொள்வது. வெயிலேற இளகி நசிந்துவிடும். அது பழுக்கும் காலத்தில் கரடியும் அதே மரத்தடிக்கு வரும் என்பதால், பொறுக்கப் போவதே துணிச்சலான காரியம். இவற்றையெல்லாம் கதையில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மரத்தடியில் குனியுமுன் அவள் ஒருமுறை நின்று காது கொடுத்துக் கேட்கிறாள் என்று எழுதினால், வன்னி வாசகருக்குக் கரடி தெரிந்துவிடும். மற்றவருக்கு அச்சம் மட்டும் தெரிந்தால் போதும்.

இரண்டாம் படி: அவள் பிறந்த ஆண்டைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் பலர். கதை 2024இல் நடக்கிறது, பாக்கியத்துக்கு எழுபத்தைந்து வயது என்றால் அவள் 1949இல் பிறந்தவள். தாளின் ஒருபுறம் ஊரின் ஆண்டுகளையும் மறுபுறம் அவளுடைய வயதையும் எழுதுங்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானபோது, அதாவது 1984இல், அவளுக்கு 35. வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றுபோன 1990இல் 41. யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து, அவர்களில் பலர் கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்கு வந்துசேர்ந்த 1995இல் 46. அவள் வீட்டு விறாந்தையிலும் ஒரு குடும்பம் தங்கியிருக்கக்கூடும். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி மீண்டும் திறந்த 2002இல் 53. ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்த 2004 டிசம்பரில் 55. ஏ9 மீண்டும் மூடப்பட்ட 2006 ஓகஸ்டில் 57. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த 2009இல் 60. இடம்பெயர்ந்தோரைத் தங்கவைத்த செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது 63. புகையிரதம் 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தபோது 64.

இந்தக் கணக்கினால் கிடைக்கும் பெரிய நன்மை, 2009 என்ற ஆண்டு அவளுடைய வாழ்க்கையின் அறுபதாவது ஆண்டில் வருகிறது என்பதை எழுதுபவர் உணர்வதுதான். அதற்கு முன் அறுபது ஆண்டுகள் அவள் விதைத்திருக்கிறாள், சூடு மிதித்திருக்கிறாள், குளம் வான் பாய்வதைப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருக்கிறாள், அயலவளோடு வேலிக்காகச் சண்டை பிடித்திருக்கிறாள். போர் அவளுக்குள் புகுந்தபோது ஏற்கெனவே நிறைந்திருந்த ஒரு மனுஷி அங்கே இருந்தாள். தாளில் எழுதிய ஆண்டுகளில் ஒன்றோ இரண்டோதான் கதைக்குள் வர வேண்டும். மீதியை அவள் நடக்கும் விதத்திலும் பொருளைப் பத்திரப்படுத்தும் விதத்திலும் நீங்கள் பயன்படுத்துவீர்கள்.

மூன்றாம் படி: எந்த வன்னியின் மகள் என்று தீர்மானியுங்கள்

வன்னியின் ஆச்சிமார் ஒரே வார்ப்பில் வந்தவர்கள் அல்லர். பரம்பரையாகக் குளத்துக்குக் கீழே வயல் செய்தவள் ஒருத்தி. குடியேற்றத் திட்டத்தில் தீவகத்திலிருந்தோ வடமராட்சியிலிருந்தோ கணவனோடு வந்து காடு வெட்டியவள் இன்னொருத்தி. 1958இலும் 1977இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கூலிக்கு நாற்று நட்டு, பல ஆண்டுகள் காணி உறுதியில்லாமல் வாழ்ந்தவள் மற்றொருத்தி. அவளுடைய தமிழ் வேறு, மாரியம்மன் வேறு, அவளை மற்றவர்கள் பார்த்த பார்வையும் வேறு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்டு, முல்லைத்தீவின் நீராவிப்பிட்டிக்குத் திரும்பி வருகிற முஸ்லிம் மூதாட்டி, உம்மும்மா ஒருத்தியின் பயணமும் வன்னிப் பயணமே. 1992இல் இடம்பெயர்ந்து, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி படகுகளில் ஏறித் தங்கள் தீவுக்குத் தாங்களே திரும்பிப்போன இரணைதீவுப் பெண்களின் கடற்பயணமும் அப்படியே.

இவர்களில் ஒருத்தியைத் தேர்ந்து, அவளுக்கு அவளுடைய காலத்துப் பெயரைச் சூட்டுங்கள். இராசம்மா, தெய்வானை, அன்னப்பிள்ளை, திரேசம்மா, மாரியாயி என்ற பெயர்கள் ஒவ்வொன்றும் ஊரையும் சமயத்தையும் வயதையும் கொண்டு வருகின்றன. "அந்தக் கிழவி" என்றே கதை முழுவதும் எழுதுவதில் ஒரு பொதுமை கிடைக்கும் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெயரில்லாதவளை வாசகர் சின்னமாக எடுத்துக்கொண்டு எளிதாக ஒதுக்கி வைத்துவிடுவார்.

நான்காம் படி: வழியை நீங்களே ஒருமுறை போய் வாருங்கள்

வரைபடத்தைப் பார்த்து எழுதிய பயணம் உடனே தெரிந்துவிடும். பாக்கியத்தின் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். முத்தையன்கட்டிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு வர வேண்டும். அங்கே மாங்குளம் முல்லைத்தீவு வீதியில் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் நீளமான அந்த வீதியில் மாங்குளம் வரையுள்ள பகுதியின் பெரும்பங்கு காட்டுக்குள் போகிறது, அதிகாலையில் யானை நிற்கக்கூடிய வழி. மாங்குளத்தில் இறங்கி ஏ9இல் வடக்கே போகும் பேருந்தில் ஏற வேண்டும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனம் நிற்கும். தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள். பிறகு கிளிநொச்சி, அங்கே கந்தசுவாமி கோயில் முன்றலில்தான் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தங்கள் தொடர்போராட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கிருந்து உருத்திரபுரத்துக்கு இன்னொரு பேருந்து, அல்லது ஓட்டோ.

இந்த வழியில் எழுபத்தைந்து வயது உடல் எங்கே வலிக்கும் என்று பார்த்து எழுதுங்கள். பேருந்தின் முதற்படி அவள் முழங்காலைவிட உயரம். பெட்டி ஒரு கையில் இருப்பதால் கம்பியைப் பிடிக்க மற்றக் கை மட்டுமே உண்டு. தூரத்தையும் அவளுடைய அளவிலேயே சொல்லுங்கள். முதியவர்கள் இன்னமும் கட்டைக் கணக்கில், அதாவது மைல் கணக்கில், பேசுகிறார்கள். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்பது இன்றைக்கும் ஓர் இடத்தின் பெயர்.

வழியிலுள்ள எல்லா இடங்களையும் கதையில் அடுக்கிவிடாதீர்கள். எந்த இடம் அவளிடம் ஏதாவது ஒன்றைக் கேட்கிறதோ, அந்த இடத்தில் மட்டும் நில்லுங்கள். முறிகண்டியை எடுத்துக்கொள்வோம். மகனுக்காக நேர்ந்துகொண்டதிலிருந்து ஒவ்வொரு முறையும் அவள் அங்கே இறங்கிக் கற்பூரம் கொளுத்துகிறவள். இன்று மடியில் பெட்டி இருக்கிறது; இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினால் யாராவது அதன்மேல் பையை வைத்துவிடலாம். அவள் யன்னலூடாகக் கையெடுத்துக் கும்பிடுகிறாள். "இன்றைக்கு நேர்த்தியைவிடப் பேரனே பெரிதானான்" என்ற விளக்கத்தை எழுதப் பேனா துடிக்கும். எழுதாதீர்கள். கும்பிட்ட கை மீண்டும் பெட்டியின் மூடிக்குத் திரும்புகிறது என்று எழுதிவிட்டுப் பேருந்தை நகரவிடுங்கள்.

ஐந்தாம் படி: வினைச்சொல்லின் காலத்தைக் கவனியுங்கள்

என்னைப் பொறுத்தவரை வன்னியின் தாயைப் பற்றி எழுதும் கதை நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். பாக்கியத்தின் மகன் 2009 மேயில் காணாமல் ஆக்கப்பட்டவன். முதலில் அந்தச் சொல்லைக் கவனியுங்கள். தாய்மார் "காணாமல் போனோர்" என்ற வழக்கை மறுத்து, "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்றே சொல்கிறார்கள். போவது அவனுடைய செயல், ஆக்குவது இன்னொருவருடைய செயல். ஒரு வினைச்சொல்லின் மாற்றத்துக்குள் அவர்களுடைய முழு வழக்கும் இருக்கிறது.

அடுத்தது காலம். அந்தத் தாய் மகனைப் பற்றி நிகழ்காலத்தில் பேசுகிறாள். அவனுக்கு உறைப்பு ஆகாது. அவன் இடக்கைக்காரன். அவனுக்கு இந்த வருஷம் நாற்பத்துநாலு. "ஆகாமல் இருந்தது", "இடக்கைக்காரனாக இருந்தான்" என்று அவள் வாயில் வராது. வந்தால் அவள் ஒரு தீர்ப்புக்குக் கையெழுத்திட்டவளாகிவிடுவாள். அவளுடைய விடாமுயற்சியைக் காட்ட ஊர்வலமோ உரையோ தேவையில்லை, பதினைந்து ஆண்டுகளாக அவள் ஒரு வினைச்சொல்லை இறந்தகாலத்துக்கு விட்டுக்கொடுக்காமல் இருக்கிறாள் என்பதே போதும். கதைசொல்லியான நீங்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கதை அவளோடு பேருந்தில் இருக்கும்வரை, மகனைப் பற்றிய வாக்கியம் எதையும் இறந்தகாலத்தில் முடிக்கக்கூடாது. "அவளுடைய மகன் நல்ல நீச்சற்காரனாக இருந்தான்" என்று நீங்கள் எழுதிய கணத்தில், அவள் மறுத்துவரும் மரணச் சான்றிதழை நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

இந்த ஒழுங்கை முதலிலிருந்து காத்துவந்தால், கதையில் ஓரிடத்தில் அதை மீறுவதற்கு உங்களுக்கு உரிமை கிடைக்கும். அந்த மீறலை மருமகளுக்குக் கொடுங்கள். அவளும் அவனை நேசித்தவள்தான். கைக்குழந்தையோடு முகாமிலிருந்து வந்து, எட்டு ஆண்டுகள் காத்திருந்து, பிறகு மறுமணம் செய்துகொண்டு உருத்திரபுரத்தில் வாழ்கிறவள். அவளைக் கெட்டவளாக்கிவிடும் கதை இந்த மண்ணுக்கு அநீதி செய்கிறது. காத்திருப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டுமோ, அந்தப் பிள்ளையை வளர்ப்பதற்காகக் காத்திருப்பை நிறுத்திக்கொள்வதற்கும் அவ்வளவு வேண்டும். கதையின் இறுதிக் காட்சியில் இருவரும் பெட்டிக்கு இருபுறமும் இருக்கையில் இரண்டு வரிகள் போதும்:

"அவனுக்குப் பாலைப்பழமெண்டா உயிர் பிள்ளை."

"ஓம் மாமி, அவருக்கு நல்ல விருப்பமாத்தான் இருந்தது."

மாமி அந்த 'இருந்தது' என்ற சொல்லைக் கேட்கிறாள். திருத்தவில்லை. கதையில் வேறு சண்டையே வேண்டாம்.

ஆறாம் படி: பேச்சை ஊர்ப் பேச்சாகவும் உறவுப் பேச்சாகவும் எழுதுங்கள்

கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழாக இருக்கலாம். உரையாடல் அவர்களுடைய வாயிலிருந்து வர வேண்டும். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதிலேயே அன்பின் அளவு இருக்கிறது. பேருந்து நடத்துநர் அவளை ஆச்சி என்பான், அவள் அவனை மோனை என்பாள். "பெட்டியை மேலை வைக்கட்டே ஆச்சி?" "வேண்டாம் மோனை, நசிஞ்சு போம், மடியிலை இருக்கட்டும்." பேரன் அப்பம்மா என்பான், அம்மம்மா என்று எழுதிவிட்டால் கதையே தலைகீழாகிவிடும். மருமகளின் இப்போதைய கணவன் அவளை எப்படி அழைப்பான் என்பது கடினமான கேள்வி. உறவு முறைக்குள் அவனுக்கு இடமில்லை. "வாங்கோ அம்மா, இருங்கோ" என்று சொல்லித் தேநீரை வைத்துவிட்டு, வேலி அடைக்கும் வேலைக்கு அவன் திரும்பிப் போவதாக எழுதினால், அவனுடைய கண்ணியமும் சங்கடமும் சேர்ந்தே தெரியும்.

ஏழாம் படி: தடைகளைச் சிறிதாக வையுங்கள்

இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதற் பேருந்து வரவில்லை, மாங்குளத்தில் நிழலில்லை, பெட்டியின் அடியில் ஈரம் தெரிகிறது. இவ்வளவும் போதும். விபத்தும் மாரடைப்பும் கொண்டுவந்தால், அவள் விடாமல் போனதற்கான பெருமை அவளைவிட்டு உங்கள் கற்பனைக்குப் போய்விடும். கடல்நீர் விளக்கைக் கதைக்குள் கொண்டுவரும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். அது அத்தனை வலிமையான படிமம், பாலைப்பழத்தை விழுங்கிவிடும்.

எட்டாம் படி: முடிவைப் பழத்திடம் விட்டுவிடுங்கள்

பதினாறு வயதுப் பேரன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். தகப்பனின் முகம் அவனுக்கு நினைவில் இல்லை. அப்பம்மாவுக்காக இரண்டு பழம் தின்கிறான், உதடு ஒட்டுகிறதென்று துடைக்கிறான், மேற்கொண்டு வேண்டாம் என்கிறான். இங்கே பலர் கதையை முடித்துவிடுவார்கள்: அத்தனை பாடும் வீண் என்ற கசப்போடு. வேறு சிலர் பேரன் முழுப் பெட்டியையும் தின்று தகப்பனைப் போலவே சிரித்தான் என்று எழுதுவார்கள். இரண்டுமே அவசரம். மூன்றாவது ஆள் ஒருத்தி அந்தக் குசினி வாசலில் நிற்கிறாள். மருமகள் வந்து கீழே இருந்து, நசிந்த பழங்களை முதலில் எடுத்து, ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்குகிறாள். ஒன்றும் பேசவில்லை. பெட்டி பாதியாகிறது. மாமி தன் சேலைத் தலைப்பை நனைத்து மருமகளின் வாயோரத்துப் பாலைத் துடைத்துவிடுகிறாள். பிறகு, மாங்குளத்துக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கிறாள்.

அன்பு யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை வாசகர் பார்த்துவிட்டார். அடுத்த வாக்கியம் எதுவாக இருந்தாலும் அது மிகுதி.

ஒன்பதாம் படி: அவளுடைய வயதுள்ள ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்

கதையை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு, எழுபது கடந்த ஒரு பெண்ணிடம் போய் உரத்து வாசியுங்கள். வாசித்து முடிந்ததும் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இவள் எங்கே பிழைவிட்டாள் என்று கேளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு கதையை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதில் வந்த கிழவியைத் தியாகத்தின் உருவம் என்றும் கண்ணீரின் கடல் என்றும் எழுதியிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ ஆர் மோனை, எங்கட ஊரோ?" என்றார். அதற்குப் பிறகு நான் எழுதும் எதையும் அவருக்கு வாசிக்காமல் வெளியே அனுப்பியதில்லை. இங்கே சொன்ன பாலைப்பழக் கதையின் முதல் வடிவத்தில், பாக்கியம் பழங்களைப் பிளாஸ்டிக் சொப்பின் பையில் போட்டு வாயை இறுகக் கட்டிக்கொண்டு புறப்படுவாள். அம்மம்மா வாசிப்பை அந்த இடத்திலேயே நிறுத்தினார். "கட்டினா புழுங்கிப் போம் மோனை. ஓலைப்பெட்டியிலை போட்டு, மேலை இரண்டு பாலையிலையை வைச்சுக் கொண்டுபோகச் சொல்லு."